கழிமுகத்துக்கு ஆறு மணி நேரம்

நான் சொல்லப்போவதில் ஒரு மணி நேரம் எனக்குச் சரியாக நினைவில்லை. மற்றதெல்லாம் நினைவிருக்கிறது என்றுதான் நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி விசாரணையில் ஒரு விதமாகச் சொன்னேன், தங்கையிடம் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன், தனியாக இருக்கும்போது எனக்கே வேறு விதமாகவும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எது நடந்தது, எது நான் சொல்லிச் சொல்லி நடந்ததாக ஆனது என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

லான்வெல் அணையில் இருபத்திரண்டு வருஷம் மதகு திறப்பவனாக இருந்தேன். ஆறு கடலில் சேர்வதற்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் குறுக்கே கட்டிய அணை அது. மேல்பக்கம் நல்ல தண்ணீர். தீபகற்பத்து ஊர்களின் குழாய்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் போகிறது. கீழ்ப்பக்கம் கழிமுகம். ஓதம் ஏறும்போது கடல் வந்து கதவில் முட்டிக்கொண்டு நிற்கும், வற்றும்போது சேற்றை விட்டுவிட்டுப் போகும். கடல் தாழ்ந்திருக்கும் நேரம் பார்த்து ஆற்றை வெளியே விடுவதும், அது ஏறுவதற்குள் கதவை இறக்குவதும்தான் என் வேலை.

அந்த வருஷம் ஏப்ரல் கடைசியிலிருந்து மழை இல்லை. மழையைத் திட்டுவதையே பேச்சாக வைத்திருந்த எங்கள் ஊரில் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. சட்டப்படி எந்த அணையும் ஆற்றின் பங்கு என்று கொஞ்சம் தண்ணீரைக் கீழே விட்டாக வேண்டும். ஜூன் பதினான்காம் தேதி மாவட்ட நிர்வாகத்திலிருந்து அந்தப் பங்கை நிறுத்திவைத்து உத்தரவு வந்தது. எங்கள் பதிவேட்டில் இரண்டு பத்திகள் உண்டு. ஒன்றின் தலைப்பு ‘நிலையத்துக்கு’, அதாவது குடிநீர் நிலையத்துக்கு. மற்றதன் தலைப்பு ‘இழப்பு’. கடலுக்குப் போகும் தண்ணீரை அந்த இரண்டாவது பத்தியில்தான் எழுதுவோம். அன்றிலிருந்து அதில் சுழி போட்டுக்கொண்டே வந்தேன்.

ஜூலை நடுவில் ஒரு நாள் காலை குல்வென் அணைக்கு வந்தான். என் தங்கை எனோராவின் கணவன். கழிமுகத்தில் இரும்பு மேசைகள் போட்டு, வலைப்பைகளில் சிப்பி வளர்ப்பவன். கால்சட்டை முழுக்கச் சேறோடு கட்டுப்பாட்டு அறைக்குள் வந்து, என் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு சிப்பியை வைத்தான்.

“தெறந்து பாரு மச்சான்.”

தானே திறந்துகொண்டது. உள்ளே ஒன்றுமில்லை. ஓட்டின் ஓரத்தில் ஊசியால் குத்தினதுபோல் ஒரு துளை.

“துளைநத்தை,” என்றான். “முன்னெல்லாம் வெளிக்கரைல பாறைல கெடக்கும். நம்ம பக்கம் வராது, ஆத்துத் தண்ணி அதுக்கு ஆகாது. இப்ப உள்ளுக்குள்ள உப்பு வெளிக்கடல் மாதிரி ஏறிப்போச்சு. சொந்தக்காரன் வீட்டுக்கு வர்ற மாதிரி குடும்பத்தோட வந்து உக்காந்துருக்கு.”

“எத்தனை பை போச்சு?”

“மூணுல ஒண்ணு. ரெண்டு வருஷத்துச் சிப்பிடா. டிசம்பர்ல விக்க வேண்டியது. இதே மாதிரி செப்டம்பர் வரைக்கும் போனா நான் மேசையெல்லாம் கழட்டி இரும்புக்கடைக்குப் போட்டுட்டு, ஒன்கிட்ட வந்து மதகுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்.”

பதிவேடு திறந்திருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தான்.

“இழப்பு: சுழி. இழப்பு: சுழி.” விரலை வைத்துப் படித்தான். “எவன்டா இந்தப் பேரு வெச்சது? அப்ப நாங்கள்லாம் இழப்புலயா பொழைச்சுக்கிட்டிருக்கோம்?”

“அது பழைய நோட்டு.”

“ஒரு நல்ல பாய்ச்சல் போதும் மச்சான். ஆறு மணி நேரம். சிப்பி வாயை மூடிக்கிட்டு ரெண்டு மூணு நாள் இருந்துக்கும். நத்தை பிடி விட்டு உழுந்துரும். வேற ஒண்ணும் கேக்கல.”

அந்த ஆறு மணி நேரத்துக்காக ஊராட்சி மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். குடிநீர் நிலையத்தின் பொறியாளர் மதாம் கெமெனேர், மேயர், மாவட்ட நிர்வாகத்து ஆள், சிப்பிக்காரர்கள் பன்னிரண்டு பேர், பின் வரிசையில் நானும் ரிவாலும். ரிவால் அணையில் என்னோடு முறை மாற்றி வேலை பார்ப்பவன்.

மதாம் கெமெனேர் ரென் நகரத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். தாளைப் பார்க்காமல் கணக்குச் சொல்வார்.

“ஆறு மணி நேரம் தெறந்து விட்டா, ஆகஸ்ட் மாசத்துல தீபகற்பம் பதினோரு நாள் குடிக்கிற தண்ணி போகும். அதை நான் எங்கேருந்து கொண்டு வர்றது? லீவுக்குப் பாரிஸ்காரங்க வந்து எறங்கியாச்சு. ஜனத்தொகை நாலு மடங்கு. அதுக்கு மேல ஆஸ்பத்திரி. சிறுநீரக வார்டுல எத்தனை மெஷின் ஓடுதுன்னு தெரியுமா உங்களுக்கு?”

“பாரிஸ்காரன் ஒரு நாளைக்கு எத்தனை தடவ குளிக்கிறான்னு தெரியுமா உங்களுக்கு?” என்றான் குல்வென். “கடல்ல குளிச்சுட்டு வந்து, அந்த உப்பு போகக் குளிக்கிறான். அப்புறம் சாயங்காலம் என் சிப்பியத் தின்ன வர்றான். அது மட்டும் எங்கேருந்து வருதுன்னு நெனச்சீங்க மதாம், குழாய்லேருந்தா?”

எல்லோரும் சிரித்தார்கள். மதாம் கெமெனேரும் லேசாகச் சிரித்தது ஞாபகம். ஆனால் கையை விரித்துக் காட்டிவிட்டுச் சொன்னார்:

“எனக்கு உங்க மேல கோபமில்ல. அணைக்கு மேல இருக்கறவங்களும் கீழ இருக்கறவங்களும் ஒரே ஆத்தை நம்பி இருக்கோம். ஆனா குழாய் நின்னா என்னைத்தான் கேப்பாங்க. கழிமுகம் செத்தா யாரையும் கேக்க மாட்டாங்க. அதான் வித்தியாசம்.”

எதிரி தன் வாயாலேயே நம் வழக்கைச் சொல்லிவிட்டால் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் மாவட்டத்து ஆள் ஒரு வழி சொன்னார். விடுமுறைக் கூட்டம் குறையத் தொடங்கும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில், பெரிய ஓதம் வரும் ஒரு நாளில், ஒரே ஒரு முறை திறந்து பார்ப்பது. கடல் முழுக்க வற்றும் நேரத்துக்கு மூன்று மணி முன்னால் தொடங்கி மூன்று மணி பின்னால் முடிப்பது. ஒரு சொட்டு உப்பும் மேலே வராமல் இருந்தால், ஒவ்வொரு கோடையிலும் ஒரு முறை என்று விதியிலேயே எழுதிவிடலாம். வந்தால், பேச்சே கிடையாது.

வெளியே வந்ததும் குல்வென் என் தோளில் தட்டினான். “எல்லாம் ஒன் கைல மச்சான்.” விளையாட்டாகத்தான் சொன்னான்.

இனி மணி விஷயம். எங்கள் கடற்கரையில் ஓத அட்டவணைப் புத்தகம் வருஷம் முழுவதும் குளிர்கால மணியில்தான் அச்சாகிறது. கோடையில் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே போய்விடுவதால், புத்தகத்தில் இருப்பதோடு நாம் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இது இங்கே பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். யாராவது ஓத நேரம் சொன்னால் “புத்தக மணியா, வாட்ச் மணியா?” என்று கேட்டுக்கொள்வோம். ஆனால் படகுச் சாமான் கடையில் இலவசமாக ஒரு அட்டை கொடுப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்காக அதில் ஏற்கெனவே ஒன்றைக் கூட்டியிருக்கும். உள்ளூர்க்காரன் எவனும் அதைப் பார்ப்பதில்லை என்பது எங்கள் பெருமை.

மதகு திறப்பதற்கு முந்தின நாள் ரிவால் கரும்பலகையில் எழுதினான்: ‘நாளை வற்றம் 12.50’. புத்தகம் எங்கோ கிடந்ததால் பையிலிருந்த கடை அட்டையைப் பார்த்து எழுதியதாக அவன் பிறகு சொன்னான். எழுதிவிட்டு மனைவியின் ஊருக்கு விடுப்பில் கிளம்பினான். அவன் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போது, “புத்தக மணிதானே?” என்று கேட்டேன் என்று நினைக்கிறேன். “ஆமாண்ணே” என்றான் என்று நினைக்கிறேன். நான் கேட்கவே இல்லை என்கிறான் அவன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

நான் ஒன்றைக் கூட்டினேன். 13.50.

மறுநாள், அதற்கு மூன்று மணி முன்னால், காலை பத்து ஐம்பதுக்கு மதகுகளை ஏற்றினேன். மதாம் கெமெனேர், மேயர், பத்திரிகைக்காரி ஒருத்தி எல்லோரும் பாலத்தின் மேல் நின்றார்கள். இரண்டு மாதமாக அசையாமல் கிடந்த தண்ணீர், பச்சையாக, கனமாக, கீழே போய் விழுந்தது. மேயர், “இவ்வளவு தண்ணியா!” என்றார், யாரோ அவர் வீட்டுப் பொருளை எடுத்துப் போவதுபோல. படம் எடுத்துக்கொண்டு அவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அணையடியில் வற்றம் எப்போது திரும்புகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. அங்கே சேறு உயரம்; கடல் சீக்கிரம் போய்விடும், மெதுவாகத்தான் திரும்பி வரும். அளவுகோல் பலகையோ விழுகிற தண்ணீரின் நுரையில் மூழ்கியிருந்தது. ஆகவே கடிகாரத்தைத்தான் நம்பினேன். கீழே சேற்றில் நின்றுகொண்டிருந்த குல்வென் என்னை நம்பினான். தண்ணீர் ஒரு மணி தாமதமாக வருகிறதே என்று அவனுக்குப் பட்டிருக்கிறது. “மதகு தெறக்கறவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்” என்றான் பிறகு.

நான்கு இருபது இருக்கும். பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து நின்றிருந்தேன். கீழே நுரைக்கு அப்பால் மடவை மீன்கள் வந்திருந்தன. இருபது, முப்பது. சாம்பல் முதுகுகள் வெயிலில் தெரிந்தன. மடவை ஏற்றத்தோடுதான் அணைக்கு வரும், வற்றத்தில் வராது.

இதுதான் நான் சொன்ன அந்த மணி நேரம். மீன்களைப் பார்த்தேன் என்பது நிச்சயம். பார்த்து என்ன நினைத்தேன்? நல்ல தண்ணீரின் வாசத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்டன என்று நினைத்தேனா? மேற்பரப்பைப் பார்த்தேன். ஓர் ஓக் இலை மதகின் கீழிருந்து வெளிவந்து கடல் பக்கம்தான் போயிற்று. கொஞ்சம் மெதுவாகப் போயிற்று. இலை போகும் திசையிலேயே எல்லாம் போகிறது என்று வைத்துக்கொண்டேன். உப்புத் தண்ணீர் கனமானது. மேலே ஆறு வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே அடியில் கடல் ஊர்ந்து உள்ளே வரும். இருபத்திரண்டு வருஷம் இந்த வேலையைச் செய்தவனுக்கு அது தெரியாமல் இல்லை.

உள்ளே போய்ப் புத்தகத்தைத் தேட இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். நான் போகவில்லை. இன்னும் அரை மணி குல்வெனுக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தேனா, அல்லது நினைத்ததாகப் பிறகு சேர்த்துக்கொண்டேனா, தெரியாது. நான்கு ஐம்பதுக்குக் கதவுகளை இறக்கினேன். பதிவேட்டின் இரண்டாவது பத்தியில் எழுத வேண்டிய எண்ணை எழுதினேன்.

நான்கு நாள் கழித்து உப்பு, பழைய ஆற்றுப் படுகையின் பள்ளம் வழியாக ஏழு கிலோமீட்டர் மேலே ஊர்ந்து, நிலையத்தின் உறிஞ்சு குழாய்க்கு வந்து சேர்ந்தது. நிலையத்தை நிறுத்தினார்கள். பக்கத்து வட்டாரத்திலிருந்து ஒரு குழாய் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் வந்தது. அதை ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் கொடுத்தார்கள். மற்ற நாங்கள் எல்லோரும் ஊராட்சி வாசலில் வரிசையில் நின்று ஆளுக்கு ஆறு பாட்டில் வாங்கிக்கொண்டோம். விடுமுறைக்காரர்களின் கூடார முகாம்கள் ஒரு வாரம் முன்னதாகவே காலியாயின. இப்படி ஒன்பது நாள்.

ரொட்டிக் கடைக்காரி என்னைப் பார்த்ததும் மற்றவர்கள் காதில் விழும்படி சொன்னாள்: “வாங்க ஜாகெஸ். நமக்கு வெண்ணெய்ல உப்பு வேணும்னு சொன்னா, நீங்க காப்பிலயும் போட்டுக் குடுத்துட்டீங்களே.”

உப்புப் போட்ட வெண்ணெய் எங்கள் பக்கத்துப் பழக்கம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்காமல், “மச்சானுக்குத் தண்ணி காட்ட ஊருக்கே தண்ணி காட்டிட்டான்” என்றான். ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குல்வெனின் சிப்பிகள் பிழைத்தன. துளைநத்தைகள் மேசைகளுக்கு அடியில் சரளைபோல் விழுந்து கிடந்தன. அவன் என்னிடம் அதைச் சொல்ல வரவில்லை. எனோராதான் வந்தாள். சமையலறையில் நின்றபடியே கேட்டாள்.

“அண்ணா, வேணும்னே செஞ்சியா?”

“மணி தப்பாப் போச்சு.”

“அது தெரியும். நான் கேக்கறது அது இல்ல.”

கெட்டிலில் பாட்டில் தண்ணீர் கொதித்து அடங்கிற்று.

“நாளைக்கு விசாரணைல என்ன சொல்லப்போற?” என்றாள். “மணி தப்புன்னு மட்டும் சொன்னா, ரிவாலும் நீயும் பாதிப் பாதி. தெறந்தாலே உப்பு வரும்னு அவங்க முடிவு பண்ணினா, இனி எங்களுக்குத் தண்ணியே கெடையாது. நீ மச்சானுக்காகச் செஞ்சேன்னு வந்தா, எங்க பேரும் சேந்து போகும். எதச் சொன்னாலும் எங்க தலைலதான் விடியுது. நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்க வரல. நடந்ததச் சொல்லு.”

“நடந்தது என்னன்னு தெரியலயே.”

“தெரிஞ்ச வரைக்கும் சொல்லு.”

விசாரணை அதே அறையில், அதே நாற்காலிகளில் நடந்தது. மாவட்டத்து ஆள் தலைமை. கேள்வி கேட்டது மதாம் கெமெனேர். ரிவால் தான் எழுதியது வாட்ச் மணி என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தான்.

“நீங்க ஒரு மணி கூட்டினீங்க,” என்றார் மதாம் என்னிடம்.

“ஆமா. ஏற்கெனவே கூட்டின மணி அது. புத்தகத்தைத் தெறந்து பாத்திருக்கணும். பாக்கல.”

“மூடறதுக்கு முன்னாடி, தப்பு நடக்குதுன்னு ஏதாவது தெரிஞ்சுதா?”

குல்வென் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்காமல் இருக்கத்தான் முயன்றேன்.

“மடவை வந்துச்சு,” என்றேன். “நாலு இருபதுக்கு. மடவை வந்தா ஏத்தம் வந்துருச்சுன்னு அர்த்தம். எனக்கு அது தெரியும்.”

“தெரிஞ்சும்?”

“அரை மணி மூடாம நின்னேன். எதுக்குன்னு கேட்டா, நிச்சயமாச் சொல்ல முடியல. மச்சானுக்காக இல்லன்னு சத்தியம் பண்ணச் சொன்னா, பண்ண மாட்டேன்.”

பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். மேயர் பேனாவை மூடி வைத்தார். “அப்ப முடிஞ்சுது. இது சோதனையே இல்ல, குடும்ப விவகாரம்” என்றார்.

மதாம் கெமெனேர் தன் முன்னால் இருந்த தாள்களை நேராக அடுக்கினார். அவர் தாளைப் பார்த்துப் பேசி அன்றுதான் பார்த்தேன்.

“அணைக்கு மேல அடித்தண்ணில ஒரு உப்பு அளவி வெச்சிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல, நிலையம் நின்னப்புறம்தான் எடுத்துப் பாத்தேன். உண்மையைச் சொன்னா, உப்பு வரும், அதைக் காட்டி இந்தப் பேச்சை முடிச்சுரலாம்னுதான் வெச்சேன்.” கண்ணாடியைக் கழற்றினார். “காலைலேருந்து நாலு மணி பத்து நிமிஷம் வரைக்கும் ஒண்ணுமில்ல. அளவி போட்ட கோடு தரையோட கெடக்குது. நாலு பத்துக்குத்தான் ஏற ஆரம்பிக்குது. ஒழுங்கான நேரப்படி மூணு ஐம்பதுக்கு மூடியிருந்தா, ஒரு சொட்டு வந்திருக்காது.”

“அதனால?” என்றார் மாவட்டத்து ஆள்.

“அதனால, உப்பு வந்தது தண்ணி விட்டதால இல்ல, மூடாததால. இது ரெண்டையும் ஒண்ணுன்னு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்குத் தண்ணி மிச்சமாகும்தான். ஆனாலும் போட மாட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவ, ஆறு மணி நேரம் விடலாம். மூடற பொறுப்பை மட்டும் அளவிகிட்ட குடுத்துரணும். கழிமுகத்துல சொந்தக்காரன் இருக்கறவன் கைல குடுக்கக் கூடாது.”

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்தே சொன்னார். அதில் வன்மம் இல்லை.

வெளியே வாகனம் நிறுத்துமிடத்தில் குல்வென் தன் வண்டியின் மேல் சாய்ந்து நின்றிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவன் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, பாதி வரைக்கும் பிடித்தான்.

“அந்த அரை மணி எனக்குத் தேவையே இல்ல தெரியுமா?” என்றான். “மூணு மணிக்கே நத்தையெல்லாம் உழுந்துருச்சு.”

“நீ போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்.”

“சேத்துல நின்னுக்கிட்டு எவன்டா போன் பண்ணுவான்?”

அவ்வளவுதான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.

விதி அடுத்த மார்ச்சில் வந்தது. அதற்குப் பிறகு ஐந்து கோடைகளில் நான்கில் தண்ணீர் விட்டார்கள். ஒரு வருஷம் அணையில் விடுவதற்குத் தண்ணீரே இல்லாததால் விடவில்லை. குல்வென் இன்னும் சிப்பி வளர்க்கிறான், மேசைகளைக் குறைத்துவிட்டான். எனோரா ஊராட்சி மன்றத்துக்கு நின்று ஜெயித்தாள். ரிவால் அணையிலேயே இருக்கிறான். கதவை இப்போது அளவி மூடுகிறது, அவன் பார்த்துக்கொள்கிறான். என்னோடு அவன் பேசுவதில்லை. மதாம் கெமெனேர் ஓய்வு பெற்று ரென் போய்விட்டார். என்னை மதகிலிருந்து எடுத்து, உள்நாட்டில் ஒரு குடிநீர்த் தொட்டிக்கு மாற்றினார்கள். அங்கே ஓதம் கிடையாது. இரண்டு வருஷம் இருந்துவிட்டு வேலையை விட்டேன். இப்போது லான்வெலில்தான், தனியாக இருக்கிறேன்.